செஞ்சி, தரங்கம்பாடி, திருமயம்: கையில் ஒரே நாள் இருந்தால் எந்த ஊர்?

“ஒரு நாள்தான் விடுமுறை. ஏதாவது ஒரு பழைய ஊரைப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்ப வேண்டும். எங்கே போகலாம்?”

குடும்பத்தில் ஊர் சுற்றுகிறவன் என்று ஒருவன் பெயர் எடுத்துவிட்டால், ஒவ்வொரு விடுமுறைக்கு முன்னாலும் இந்தக் கேள்வி அவனைத் தேடி வந்துவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் தஞ்சாவூரையும் மாமல்லபுரத்தையும் பார்த்து முடித்தவர்கள். அடுத்து எங்கே என்று யோசிக்கும்போது மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: செஞ்சி, தரங்கம்பாடி, திருமயம். முதலாவது மலைக்கோட்டை. இரண்டாவது டேனிஷ்காரர்கள் குடியிருந்த கடலோர ஊர். மூன்றாவது, ஒற்றைப் பாறையைச் சுற்றி வளைத்த கோட்டையும் அதன் அடியில் இரண்டு குடைவரைக் கோயில்களும். மூன்றும் சிறிய ஊர்கள்தான். ஆனால் ஒன்றில் மகிழ்ந்து திரும்பும் ஆள் இன்னொன்றில் முணுமுணுத்துக்கொண்டே திரும்புவார். அப்படி முணுமுணுத்தவர்களோடு நானும் பஸ்ஸில் வந்திருக்கிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை எங்கே இருப்பதாக உத்தேசம்?

விளையாட்டுக்குக் கேட்பதில்லை. ஒரு நாள் பயணம் என்றால் பன்னிரண்டு மணி நேரம் கையில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். நம் ஊர் வெயிலில் அது காலையில் நாலு மணி நேரம், மாலையில் இரண்டரை மணி நேரம், அவ்வளவுதான். நடுவில் இருக்கும் பகுதியில் கல் சுடும், கோயில் நடை சாத்தியிருக்கும், குழந்தை அழும், பெரியவர்களுக்குத் தலை சுற்றும். அந்த மூன்றரை மணி நேரத்துக்கு நிழல் தருகிற ஊரும் உண்டு, உங்களை வெளியே துரத்துகிற ஊரும் உண்டு. எந்த ஊர் பெரியது, எது பழையது என்று பார்ப்பதைவிட இதைப் பார்த்து முடிவு செய்வதுதான் பலன் தரும்.

அடுத்தது பயண நேரம். போக மூன்றரை மணி, வர மூன்றரை மணிக்கு மேல் ஆகும் என்றால் அந்த ஊரை ஒரு நாள் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மூன்றாவது, உடன் வருபவர்களின் முழங்கால். நான்காவது, பூட்டிய கதவுகள்: எந்தக் கிழமையில், எந்த வேளையில் எது மூடியிருக்கும் என்பது. ஐந்தாவதைப் பலர் நினைப்பதே இல்லை. அந்த ஊரை ரசிக்க எவ்வளவு கதை தெரிந்திருக்க வேண்டும்? கதை தெரியாமல் போனால் செஞ்சி வெறும் மலை, தரங்கம்பாடி நாலு மஞ்சள் கட்டடம்.

டிக்கெட் செலவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மூன்று ஊரிலும் அது சிறிய தொகை. மத்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடங்களில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமே கிடையாது. பணம் போவது வேறு வழிகளில். அவற்றை அந்தந்த ஊரில் சொல்கிறேன்.

## செஞ்சி: விடிவதற்கு முன் கிளம்புகிறவர்களுக்கு

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், திண்டிவனத்துக்கு மேற்கே ஏறத்தாழ 28 கிலோமீட்டரில் செஞ்சி இருக்கிறது. சென்னையிலிருந்து 150 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ரயில் நிலையம் இல்லை, பஸ்ஸுக்குக் குறைவில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதில்கள் முக்கோணமாக இணைக்கின்றன. சாலையே அந்த முக்கோணத்துக்குள் புகுந்துதான் வெளியேறுகிறது. பஸ் நிலையத்திலிருந்து கோட்டை வாசல் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆட்டோ வேண்டும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்க, பன்னிரண்டாவது செஞ்சி. தமிழ்நாட்டுக் கோட்டை ஒன்று மராட்டியர் பட்டியலில் எப்படி வந்தது என்பதற்கு 1677இல் சிவாஜி இதைப் பிடித்ததுதான் தொடக்கம். அவருடைய மகன் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்தார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகையிட்டுக் கோட்டையைக் கைப்பற்றியபோது 1698 ஆகிவிட்டது. ராஜாராம் அதற்குள் தப்பிப் போயிருந்தார். ஒரு கோட்டையைப் பிடிக்க ஏன் ஏழெட்டு ஆண்டுகள் ஆயின என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். ராஜகிரியின் பாதிப் படியில் மூச்சு வாங்க உட்காரும்போது தானாகப் புரிந்துவிடும்.

ராஜகிரி 240 மீட்டர், அதாவது ஏறத்தாழ 800 அடி உயரம். வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். உச்சிக்குச் சற்று முன்னால் மலை இரண்டாகப் பிளந்து, நடுவில் ஓர் ஆழமான வெடிப்பு. அதன்மேல் ஒரு சிறு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் போதும், கீழே எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் மேலே வர முடியாது. பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தால் உள்ளங்கால் கூசும். அதைக் கடந்தால் ரங்கநாதர் கோயில், களஞ்சியம், ஒரு பழைய பீரங்கி, பிறகு நாலு பக்கமும் வயலும் ஏரியும் பாறைகளும். ஏற ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் பிடிக்கும்.

நான் முதல்முறை போனபோது அப்பாவையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு பதினொன்றரை மணிக்கு அடிவாரம் சேர்ந்தேன். வெள்ளரிப்பிஞ்சு விற்ற அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இந்த நேரத்தில் மலை ஏறுவார்களா ஐயா?” என்றார். நான் கேட்கவில்லை. கமலக்கண்ணி அம்மன் கோயிலைத் தாண்டுவதற்குள் தண்ணீர் தீர்ந்தது. அத்தை ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து, “நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல், நம்பிக்கொள்கிறேன்” என்றாள். அவளுக்குப் பக்கத்தில் வைத்த பையைக் குரங்கு ஒன்று எடுத்து, மனிதனைப் போல ஜிப்பை இழுத்துத் திறந்து, பிஸ்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பையைத் திருப்பி வைத்தது. அன்று உச்சியை நான் பார்க்கவில்லை. இரண்டாம் முறை ஐந்து மணிக்கே சென்னையிலிருந்து கிளம்பி, ஒன்பதுக்கு முன் ஏறத் தொடங்கினேன். பதினொன்றரைக்குக் கீழே இருந்தேன். முதல்முறை போனதும் அதே மலைதானா என்று சந்தேகமாக இருந்தது.

நடுப்பகலுக்குச் செஞ்சியில் வழி இருக்கிறது, ஆனால் மலை மேல் இல்லை. கீழ்க்கோட்டையில் தடித்த சுவர் கொண்ட களஞ்சியம் உண்டு. உள்ளே வெளிச்சம் குறைவு, வௌவால் நாற்றம் உண்டு, குளிர்ச்சிக்குக் குறையில்லை. பக்கத்தில் கல்யாண மகால், நடு முற்றத்தைச் சுற்றி அறைகளும் மேலே எடுப்பான கோபுரமும். சாப்பாட்டுக்கு மட்டும் ஊருக்குள் திரும்ப வேண்டும். மூன்றரைக்கு மேல் வெங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் மசூதி, குளக்கரைகள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை. அவர்கள் 1750இல் கோட்டையைப் பிடித்து 1761இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். தூண்கள் அங்கேயே தங்கிவிட்டன.

கதை விஷயத்தில் செஞ்சிக்கு நிகரில்லை. தேசிங்கு ராஜன் என்று தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் வாழும் தேஜ் சிங், ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி 1714இல் மாண்டவர். ஆண்டது ஓராண்டுகூட இல்லை. கோட்டையைக் கட்டியவர்களையும் வளர்த்தவர்களையும் ஊர் மறந்துவிட்டது. அவரையும் அவருடைய குதிரையையும் மறக்கவில்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் முதல் நாள் இரவே இந்தக் கதையைச் சொல்லி வைத்துவிடுங்கள். மலை ஏறும்போது அழ மாட்டார்கள்.

மறைந்திருக்கும் செலவு: மறுநாள் முழங்கால் வலி. அதற்கும் ஒரு விடுப்பு தேவைப்படலாம். ராஜகிரிக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஏற விடுவதில்லை. ஆக, தாமதமாக வந்தால் வந்த பயணமே வீண். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்வதா, திருப்பி அனுப்புவதா என்ற பேரம் ஒன்று உண்டு. நாலு மணி நேரம் காத்திருக்கச் சொல்லிக் கொடுக்கும் பணத்தில் இரண்டு முறை புதிதாக ஆட்டோ பிடிக்கலாம். தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர். ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் ஒரே நாளில் என்று திட்டம் போடாதீர்கள். காகிதத்தில்தான் அது நடக்கும்.

எப்போது செஞ்சி: கார்த்திகை முதல் மாசி வரை, மழை இல்லாத நாளில். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், நடக்கத் தயங்காத நண்பர்கள், அதிகாலையில் எழுந்துவிடுகிற வீடு. சித்திரை வைகாசியில் வேண்டவே வேண்டாம். பெரியவர்கள் இருந்தால் உயரம் குறைந்த கிருஷ்ணகிரியோடு கீழ்க்கோட்டையை மட்டும் பார்க்கலாம். ஏறவே முடியாது என்றால் கீழ்க்கோட்டை ஒன்றே அரை நாளுக்குக் காணும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் உபரிச் செய்தி. ஊரை ஒட்டித் திருநாதர்குன்று இருக்கிறது. பாறையில் 24 தீர்த்தங்கரர்கள் வரிசையாக. ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் நினைவாக வெட்டிய பழங்கல்வெட்டும் அங்கே உண்டு. நாலு வரிகூட இல்லாத அந்தக் கல்வெட்டின் முன் நான் நின்ற நேரம், ராஜகிரி உச்சியில் நின்ற நேரத்தைவிடக் கூடுதல்.

## தரங்கம்பாடி: மெதுவாக நடக்கிறவர்களுக்கு

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் அரசருக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் பிறந்தது இந்த ஊரின் ஐரோப்பிய முகம். அந்த ஆண்டே டேன்ஸ்பர்க் கோட்டை எழத் தொடங்கியது. 225 ஆண்டுகள் கழித்து, 1845இல், டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்களுக்கு இந்தத் துறைமுகம் பெரிதாகத் தேவைப்படவில்லை. ஊர் அப்படியே உறைந்துவிட்டது. இன்று நாம் அதைப் பார்க்க முடிவதற்குக் காரணமே அந்தப் புறக்கணிப்புதான்.

பிரதான சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடலை நோக்கி நடந்தால் 1792இல் கட்டிய நகர வாசல் வரும். அதற்குள் நுழைந்தால் ராஜா வீதி. 1701இல் கட்டிய சீயோன் ஆலயம், 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம், ஆளுநர் மாளிகை, பழைய வீடுகள், கடைசியில் திடலும் கோட்டையும் கடலும். வாசலிலிருந்து கடல் வரை நிற்காமல் நடந்தால் பத்து நிமிடம். நின்று பார்த்தால் மூன்று மணி நேரம். படி ஏறுவது என்று எதுவும் கிடையாது, கோட்டைக்குள் இருக்கும் சில படிகளைத் தவிர. எழுபது வயது அம்மாவும் நாலு வயதுப் பேத்தியும் சேர்ந்து பார்க்கக்கூடிய ஊர் இந்த மூன்றில் இது ஒன்றுதான்.

தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த ஊரோடு ஒரு தனிக் கணக்கு உண்டு. 1706 ஜூலையில் இங்கே வந்து இறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு, மணலில் எழுதித் தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவையாக இருந்ததால் தாள் ஏராளமாகச் செலவாயிற்று. இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். தாளுக்காகப் பக்கத்துப் பொறையாற்றில் ஆலை வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர். கடலோரக் கோட்டையில் அருங்காட்சியகம் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்: 1708இல் டேனிஷ் தளபதியோடு முட்டிக்கொண்டு சீகன்பால்கு நாலு மாதம் அடைபட்டுக் கிடந்தது இதே கோட்டையில்தான். 1719இல் இறந்து, தான் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடங்கினார். அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது.

கோட்டைக்கு வடக்கே கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

நடுப்பகல் கேள்வியில் தரங்கம்பாடிக்கே முதல் மதிப்பெண். கோட்டையின் கீழ்த்தளத்து வளைவுக் கூரை அறைகளில் உச்சிவெயில் உறைப்பதில்லை. பிற்பகலில் கடல்காற்று ஏறும். கோட்டை கடலுக்கு மேற்கே நிற்பதால் நாலு மணிக்கு அதன் நிழல் கரைப் பக்கம் சாயத் தொடங்கும். அந்த நிழலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும்போது கோட்டையின் மஞ்சள் சுவர் இருண்டு, அலை மட்டும் சிறிது நேரம் வெளிச்சமாக இருக்கும். மூன்று ஊர்களில் மாலைக்கென்றே அமைந்தது இதுதான்.

அப்படியானால் எல்லாரையும் இங்கேயே அனுப்பிவிடலாமே? தூரம் விடாது.

மறைந்திருக்கும் செலவு: சென்னையிலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டர். சாலை வழியாகப் போய்வந்தால் பகல் முழுவதும் வண்டியிலேயே கழியும். இரவு ரயிலில் மயிலாடுதுறை வந்து, பஸ்ஸில் இங்கே சேர்ந்து, மறுபடி இரவு ரயிலில் திரும்பலாம். பெயருக்கு ஒரு நாள், உடம்புக்கு இரண்டு இரவு. காரைக்கால் 15 கிலோமீட்டர்தான். சிதம்பரம், கும்பகோணம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கும் இது வசதியான ஊர். இரண்டாவது செலவு வெள்ளிக்கிழமை. அன்று கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. நான் ஒரு வெள்ளிக்கிழமை போய், பூட்டிய கதவின் இடுக்கில் ஒரு பீரங்கியின் வாயை மட்டும் பார்த்துவிட்டு வந்தவன். ஆலயங்களும் வழிபாட்டு நேரம் தவிர பல வேளைகளில் பூட்டித்தான் கிடக்கும், சாவி வைத்திருப்பவரைத் தேட வேண்டும். மூன்றாவது, மாலை ஆனதும் “இங்கேயே ஓர் இரவு தங்கிவிடலாமா” என்று யாராவது கேட்பார்கள். முன்பதிவு இல்லாமல் அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் பட்ஜெட் இரட்டிப்பாகும். ஐப்பசி கார்த்திகையில் கடலோர மழையையும் புயல் அறிவிப்பையும் பார்த்துக்கொண்டே கிளம்புங்கள்.

எப்போது தரங்கம்பாடி: பெரியவர்களும் சிறு குழந்தைகளும் உடன் வந்தால். படிப்பதில், பழைய கட்டடங்களில் ஆர்வம் இருந்தால். இன்னொரு பொருத்தமான சந்தர்ப்பத்தைச் சொல்கிறேன். திருக்கடையூர் இங்கிருந்து சுமார் எட்டு கிலோமீட்டர். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று உறவினர் யாராவது அங்கே அழைக்காத ஆண்டு இல்லை. சடங்கு காலையிலேயே முடிந்துவிடும். பந்தியில் சாப்பிட்டுவிட்டு மண்டபத்தில் தூங்குவதற்குப் பதில் இங்கே வந்துவிடுங்கள். நடுப்பகலும் கழியும், மாலையும் கிடைக்கும், பயணச் செலவும் கல்யாணக் கணக்கில் சேர்ந்துவிடும்.

## திருமயம்: வழியில் போகிறவர்களுக்கு

புதுக்கோட்டைக்குத் தெற்கே 20 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து காரைக்குடி போகும் சாலையிலேயே பாறைக் கோட்டை கண்ணில் படும். 1687இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. கோட்டை மதிலை ஒட்டிச் சாலையோரத்தில் பைரவர். அந்த வழியாகப் போகும் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். சத்தியமூர்த்தி பவன் என்று சென்னையில் ஒரு கட்சியின் தலைமையகத்துக்குப் பெயர் வந்ததே, அந்த எஸ். சத்தியமூர்த்தி 1887இல் பிறந்தது இந்த ஊரில்தான்.

கோட்டைக்கு அரை மணி நேரத்தில் ஏறிவிடலாம். மேலே பீரங்கி மேடை. வழியில் பாறையின் நெஞ்சில் குடைந்த சிறிய சிவன் சன்னதி ஒன்று, இரும்பு ஏணியில் ஏறிப் பார்க்க வேண்டும். செஞ்சியைப் பார்த்தவர்களுக்கு இது பொம்மைக் கோட்டை. செஞ்சிக்குப் போக முடியாதவர்களுக்கு அதன் சுருக்கம்.

ஆனால் திருமயத்துக்குப் போவது கோட்டைக்காக அல்ல, அடிவாரத்துக் கோயில்களுக்காக. ஒரே பாறையில் அருகருகே சிவனுக்கு ஒரு குடைவரை, பெருமாளுக்கு ஒரு குடைவரை. பெருமாள் கோயில் 108 திவ்விய தேசங்களில் ஒன்று. அக்கம்பக்கத்து வீடுகள் என்றால் எல்லைச் சண்டை இல்லாமலா? இரண்டு கோயில்களுக்கும் வருமானப் பங்கீட்டில் தகராறு முற்றி, 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சளத் தளபதி ஒருவர் நடுவராக அமர்ந்து தீர்த்துவைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று ஐம்பது. பட்டர் சாவிக்கொத்தோடு வெளியே வந்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஐந்து நிமிடம்” என்று திரும்பி நடந்தார். குகைக்குள் பள்ளிகொண்ட பெருமாள் பாறையின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு கிடக்கிறார். பட்டர் விளக்கை அவர் முகத்திலிருந்து மெல்ல நகர்த்திச் சுவர்ப் பக்கம் காட்டினார். ஆதிசேடன் கக்கும் தீ நாக்குகள், அதற்கு அஞ்சி ஓடும் மது, கைடபர் என்ற இரண்டு அசுரர்கள். விளக்கு அசைய அசையத் தீயும் அசைந்தது. “கோபம் பெருமாளுக்கு இல்லை, பாம்புக்குத்தான்” என்றார் பட்டர். பிறகு கதவைச் சாத்திவிட்டார். அடுத்த திறப்பு நாலு மணிக்கு.

நடுப்பகலில் திருமயம் உங்களை வெளியே தள்ளிவிடும். நடை சாத்தியாயிற்று, பாறை காய்கிறது, உட்கார ஓர் இடம் இல்லை. ஊரே இரண்டரை மணி நேரத்தில் பார்த்து முடிக்கக்கூடியது. அதை மட்டும் நம்பி ஒரு நாள் ஒதுக்கினால் ஏமாற்றம்தான். ஆனால் சுற்றிலும் இடங்கள் இருக்கின்றன. தெற்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் காரைக்குடி. மதியச் சாப்பாட்டுக்கு அதைவிட நல்ல ஊர் உண்டா? அதன் பெரிய வீடுகளின் முற்றத்துத் தாழ்வாரங்கள் வெயிலுக்கென்றே கட்டியவை. வடக்கே புதுக்கோட்டையைத் தாண்டினால் சித்தன்னவாசல், பாண்டியர் காலத்துத் தாமரைக் குள ஓவியம். அங்கேயும் பாறை சுடும் என்பதால் அதைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு: வண்டி. பஸ்ஸில் திருமயம் வருவது எளிது, ரயில் நிலையமும் உண்டு. ஆனால் திருமயத்தோடு வேறு இரண்டு இடங்களைச் சேர்த்தால்தான் நாள் நிறையும், அதற்கு வாடகைக் கார் தேவை. மூன்று ஊர்களில் வண்டிக்கு அதிகம் செலவாவது, ஊரில் மிகச் சிறியதான இதற்குத்தான்.

எப்போது திருமயம்: திருச்சி, மதுரை, காரைக்குடியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு. ராமேசுவரம் போகும் வழியில் அரை நாள் மிச்சம் இருப்பவர்களுக்கு. குழுவில் பாதிப்பேருக்குக் கோயிலும் பாதிப்பேருக்குக் கோட்டையும் வேண்டும் என்றால் பஞ்சாயத்தே இல்லாமல் முடியும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | செஞ்சி | தரங்கம்பாடி | திருமயம் |
|---|---|---|---|
| நடுப்பகல் | கீழ்க்கோட்டையில் சமாளிக்கலாம் | கவலை இல்லை | ஊரைவிட்டு வெளியே போக வேண்டும் |
| நல்ல வேளை | அதிகாலை | மாலை | காலை எட்டு முதல் பன்னிரண்டு |
| முழங்கால் | கடும் சோதனை | சமதளம் | மிதமான ஏற்றம் |
| கவனிக்க வேண்டிய பூட்டு | ராஜகிரி, பிற்பகல் 3 மணி | வெள்ளிக்கிழமை | நடை சாத்தும் நேரம் |
| வசதியான புறப்பாடு | சென்னை, புதுச்சேரி, திருவண்ணாமலை | கும்பகோணம், சிதம்பரம், காரைக்கால் | திருச்சி, காரைக்குடி, மதுரை |
| சொந்த வண்டி | வேண்டியதில்லை | வேண்டியதில்லை | இருந்தால்தான் நாள் நிறையும் |

## இன்னும் தயங்குகிறவர்களுக்கு

சென்னையில் இருந்துகொண்டு, பள்ளிப் பிள்ளைகளோடு, மார்கழி விடுமுறையில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு செஞ்சி. அதே குடும்பத்தில் பாட்டியும் வருகிறார் என்றால் பாட்டியைக் கீழ்க்கோட்டை நிழலில் உட்காரவைத்துவிட்டு மேலே போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் அத்தை அதைப் பற்றி இன்றும் கல்யாண வீடுகளில் பேசுகிறாள். அப்போது கிருஷ்ணகிரியின் அடிவாரமும் கீழ்க்கோட்டையும் போதும், ராஜகிரியை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தனியாகப் போகிறவருக்குத் தரங்கம்பாடி. அங்கே தனிமை உறுத்தாது. செஞ்சி மலையில் துணை இல்லாமல் ஏறுவது வேண்டாம். வழுக்கி விழுந்தால் குரலுக்கு ஆள் வர நேரமாகும், வார நாளில் இன்னும் நேரமாகும்.

கோயமுத்தூரிலிருந்து கேட்டவர்களுக்கு நான் மூன்றையும் சொல்வதில்லை. ஒரு நாளில் முடியாது. இரவு தங்க முடியுமானால் காரைக்குடியில் அறை எடுத்து, மறுநாள் காலை எட்டு மணிக்குத் திருமயம் நடை திறந்திருக்கும்போதே போய்விடச் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை மட்டும்தான் விடுப்பு என்றால் தரங்கம்பாடியை விட்டுவிடுங்கள். கோடையில்தான் விடுப்பு என்றால் செஞ்சியை விட்டுவிடுங்கள். வண்டி இல்லை என்றால் திருமயத்தை விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை, கோடை, வண்டியும் இல்லை என்றால், திருமயத்துக்கே காலை முதல் பஸ்ஸில் போய், கோயில்களையும் கோட்டையையும் பதினொன்றுக்குள் பார்த்துவிட்டு, காரைக்குடி பஸ்ஸில் ஏறிச் சாப்பாட்டுக்குப் போய்விடுங்கள். மாலையில் திரும்பும் பஸ்ஸில் வலது பக்க ஜன்னல் கிடைத்தால் வேண்டாம். வடக்கே போகும் வண்டியில் மாலை வெயில் இடது பக்கம்தான் விழும் என்று சொல்லி என்னை ஒருவர் வலது பக்கம் உட்காரவைத்தார். வெயில் படவில்லை, உண்மை. ஆனால் சூரியன் பாறைக் கோட்டைக்குப் பின்னால் இறங்குவதை இடது பக்கத்தார் மட்டும்தான் பார்த்தார்கள்.